பாலத்துக்கு அந்தப் பக்கம்

“அந்தப் பலகையில கை வைக்காதீங்க தம்பி. அது உங்க ஏரியா இல்ல.”

ஏணியில் பாதி ஏறியிருந்த யுகேந்திரன் திரும்பிப் பார்த்தான். கீழே சைக்கிளைப் பிடித்தபடி ஒருவர் நின்றிருந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். தொழிற்சாலைக் காவலாளியின் நீலச் சட்டை. கையில் ஓர் அளவு நாடா.

“நான் நகராண்மைக் கழகத்து அமலாக்க ஆபிசர். நீங்க யாரு?”

“மாயாண்டி. எஸ்டேட்டு தோட்டத்துக் கட்சிக் கிளையில தேர்தல் பலகையெல்லாம் என் பொறுப்பு. அந்தச் சின்னப் பாலத்தோட உங்க நகராண்மை முடிஞ்சி போச்சி. இது மாவட்ட மன்றத்து எடம். உங்க பக்கம் மரத்துலயும் கட்டக்கூடாது, வெளக்குக் கம்பத்துலயும் கட்டக்கூடாது. இங்க மரத்துல கட்டலாம், ஆணி அடிக்கத்தான் கூடாது. நான் கயித்துலதான் கட்டியிருக்கேன், பாருங்க.”

சொன்னதோடு விடவில்லை. பாலத்தின் விளிம்பிலிருந்து மரம் வரைக்கும் நாடாவை இழுத்துக் காட்டினார். பதினோரு அடி. லாரியில் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் பிச்சைமுத்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

யுகேந்திரன் இறங்கிவிட்டான். தொண்ணூற்றைந்தாம் ஆண்டுத் தேர்தலுக்கு இன்னும் நான்கே நாள். காலையிலிருந்து செங் என்ற அந்த வட்டாரத்தில் நாற்பது கட்சிப் பலகைகளை இறக்கியிருந்தான். எல்லோரும் கெஞ்சினார்கள் அல்லது திட்டினார்கள். யாரும் அவனிடம் சட்டம் பேசவில்லை.

“இவ்வளவு பாடுபடுறீங்களே, ஜெயிச்சா ஒங்களுக்கு என்னாண்ணே கெடைக்கும்? டாக்சி லைசென்சா?”

“எனக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. எங்க தோட்டத்துல நாப்பத்தி மூணு ஓட்டு இருக்கு. போன தடவ பாதிப் பேரு பேரே பதியல. இந்தத் தடவ ஒவ்வொருத்தரையா கூட்டிட்டுப் போயி பதிய வச்சேன். வேலாயி அக்காவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அதுக்குன்னு ஒரு மாதிரிச் சீட்டு எழுதி, எந்த எடத்துல பெருக்கல் குறி போடணும்னு தெனமும் பழக்கி விடுறேன்.”

“அப்ப மொத ஓட்டு ஒங்களோடதுதான்னு சொல்லுங்க.”

மாயாண்டி நாடாவைச் சுருட்டினார். “காலையில ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்து வாசல்ல நிப்பேன். ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரையும் உள்ள அனுப்பிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.”

கட்சிப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு யுகேந்திரன் லாரியில் ஏறினான். ஆபிஸ் போய்ச் சேரும்வரை பிச்சைமுத்து, “பதினோரு அடி, சார்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் மாலை அதே பாலத்தருகே லாரி நின்றது. இந்த முறை பலகை பாலத்துக்கு இந்தப் பக்கம், நகராண்மைக்குள், விளக்குக் கம்பத்தில் தொங்கியது. கம்பத்தில் சாய்த்த ஏணியின் மேல் மாயாண்டி நின்றிருந்தார். கயிற்றின் ஒரு முனை அவர் கையில் இருந்தது.

“இப்ப இது யாரு ஏரியாண்ணே?”

மாயாண்டியின் முகம் செத்துவிட்டது. தடுமாறி இறங்கினார்.

“கட்டல தம்பி, அவுக்கிறேன். நம்ம பசங்க அவசரத்துல இங்க கட்டிட்டுப் போயிட்டானுங்க. கேள்விப்பட்டதும் வேலையப் பாதியில விட்டுட்டு ஓடியாந்தேன்.”

“புடிச்சா எல்லாரும் சொல்றதுதான் இது.” யுகேந்திரன் சம்மன் புத்தகத்தைத் திறந்தான். நேற்றுப் பட்ட அவமானம் அவன் மனதில் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

“கட்சி பேர்ல எழுதிக்குங்க. என் பேர்ல மட்டும் வேணாம்.”

“கயிறும் கையுமா நின்னது கட்சியா? நேத்து அவ்வளவு சட்டம் பேசினீங்களே.”

மாயாண்டியின் குரல் இறங்கியது. “ஜூன் மாசம் எனக்கு ஒரு இண்டர்வியூ இருக்கு தம்பி. பதினெட்டு வருசமா நாலு தடவ எழுதிப் போட்டேன். இப்பத்தான் மொத மொறையா கூப்பிட்டிருக்காங்க. பேர்ல ஒரு கேசும் இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பயத்துலதான் ரெண்டு பக்கத்து ரூல்சையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்.”

“இந்த வயசுல இண்டர்வியூவா? யாருண்ணே வேலைக்கு எடுப்பா?”

“வேலைக்கு இல்ல.”

யுகேந்திரனுக்கு மனம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் பிச்சைமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். இவரை விட்டுவிட்டு நாளைக்கு இன்னொருவரை எப்படிப் பிடிப்பது?

“ஐசி குடுங்கண்ணே. நம்பர் எழுதணும்.”

மாயாண்டி சட்டைப் பைக்குள் கையை விட்டார், வெறுங்கையை எடுத்தார், மறுபடி விட்டார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அடையாள அட்டையை இரண்டு கைகளாலும் நீட்டினார். நீட்டும்போது யுகேந்திரனைப் பார்க்காமல் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாங்கிப் பார்த்த யுகேந்திரன் பேனாவை மூடினான். சம்மன் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, தானே ஏணியில் ஏறி மிச்சமிருந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.

அட்டையின் நிறம் சிவப்பு. அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலேயே பிறந்து, ஒவ்வொருவருக்கும் ஓட்டுப் போடக் கற்றுக்கொடுத்த அந்த மனிதர், இன்னும் இந்த நாட்டின் குடிமகனாகவே இல்லை.