அடிபிடிக்காத பானை

மோக்கா ஊரில் யூடெல்காவுக்குச் சமையல் என்றால் உயிர். ஆனால் ஞாயிறுதோறும் சாப்பிட வரும் மாமியார் எர்சிலியா, சோற்றுப் பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டே அவள் மானத்தை வாங்குவாள்.

"மறுபடியும் காந்தவிட்டுட்டியா? ஐயோ, இதை யாரும் தொடாதீங்க, வயித்துக்கு ஆகாது! வீணாப் போகக் கூடாதேன்னு நானே தின்னு தொலைக்கிறேன்."

யூடெல்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. களிமண்ணைக் குழைத்துத் தானே பானை செய்ய உட்கார்ந்தாள். செய்ததில் பாதி சூளையிலேயே வெடித்தது. கடைசியில் அடி கனத்த பானை ஒன்று தேறியது.

அந்த ஞாயிறு சோறு மல்லிகைப்பூவாக வெந்தது. ஒரு பருக்கைகூட ஒட்டவில்லை.

எர்சிலியா கரண்டியை விட்டுச் சுரண்டினாள். பானையைக் கவிழ்த்துத் தட்டினாள். முகம் தொங்கிவிட்டது.

"என்ன அத்தை, இப்பவாவது திருப்தியா?"

"திருப்தியாவது!" மாமியாருக்கு அழுகையே வந்துவிட்டது. "அந்தக் காந்தலுக்காகத்தானேடி வாராவாரம் ரெண்டு பஸ் மாறி ஓடியாறேன்!"

"அப்புறம் ஏன் அந்தத் திட்டு திட்டினீங்க?"

எர்சிலியா மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மகனையும் பேரப்பிள்ளைகளையும் கரண்டியால் காட்டினாள்.

"நல்லாயிருக்குன்னு சொன்னா இதுங்கல்லாம் பங்குக்கு வந்துடுமேடி!"