விழுங்கிய பிறகு

முற்றத்தில், ஒயினைப் பாட்டில்களில் அடைத்துக் கொடுக்க வந்த லாரி எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நிற்கிறது. சன்னல் வெயிலில் நின்ஃபா தூக்கிப் பிடித்திருக்கும் கோப்பையில் ஒயின் அத்தனை இளஞ்சிவப்பு. அதற்குப் பின்னால் அவள் விரல்களை எண்ணிவிடலாம். "ஒரு சிட்டிகை கந்தகம் போட்டிருந்தா உன் கிரீடம் இறங்கிடுமாடா? இயற்கை விவசாயம்னு மாட்டுக் கொம்புல சாணியை அடைச்சுத் தோட்டத்துல புதைச்சுட்டா ஆச்சா?" என்கிறாள். "முதல்ல குடிச்சுப் பாருக்கா," என்கிறான் தம்பி கஸ்பாரே. உள்ளே தொட்டியில் இருப்பது இந்த வருட விளைச்சல் மொத்தமும். கந்தகம் போடாத ஒயினில் சில சமயம் எலிக்கூண்டு நாற்றம் சேர்ந்துவிடும். மூக்குக்குத் தெரியாது, விழுங்கி இருபது நொடி கழித்துத்தான் தொண்டையிலிருந்து ஏறி வரும். சிலர் நாக்குக்கு அது தெரிவதே இல்லை. ஒயின் செய்கிற கஸ்பாரேயின் நாக்கு அப்படிப்பட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். போன வருடம் ஒரு தொட்டி கெட்டபோது, அவள் பேசுவதற்கு முன்பே அவள் கை ரொட்டியைத் தேடியது, வாயிலிருந்து அந்த நாற்றத்தைப் போக்கிக்கொள்ள.

நின்ஃபா விழுங்குகிறாள். கோப்பை விளிம்பில் ஒரு குளவி சுற்றுகிறது. லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான். "சொல்லித் தொலையேன்க்கா." "ஏன்டா பறக்கிற?" கஸ்பாரே எண்ணிக்கொண்டிருக்கிறான். பதினெட்டு. பத்தொன்பது. அவள் தம்பியின் கண்களைப் பார்க்கிறாள், பிறகு அவன் நகக்கண்களில் அப்பியிருக்கும் விட்டோரியாத் தோட்டத்துச் செம்மண்ணை. "அருமையா இருக்குடா," என்கிறாள். அவள் கை மேசைமேல் ரொட்டியைத் தேடுகிறது.