நீலப் பூ, சிவப்புப் பூ

"அந்தம்மா மட்டும் பிரதமராயிட்டா, இந்தக் கோப்பையை அப்படியே கடிச்சுத் தின்னுடறேன்!"

சிரில் மேசையைத் தட்டிய வேகத்தில் பக்கத்திலிருந்த பீர் கோப்பைகள் எல்லாம் ஒருமுறை எழும்பி உட்கார்ந்தன. அவர் கோட்டில் குத்தியிருந்த நீலக் கட்சியின் துணிப்பூவும் சேர்ந்து ஆடியது.

"கோப்பைக்கு ஏன்யா போறே? முதல்ல உன் பல்செட்டு தாங்குமான்னு பாரு" என்றார் எதிர் மேசை டெரிக். அவர் நெஞ்சில் அந்தம்மா கட்சியின் சிவப்புப் பூ.

'மூன்று வாத்துகள்' பப் சிரிப்பில் குலுங்கியது. யார்க்‌ஷயரின் அந்தச் சின்ன இங்கிலாந்து ஊரில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் குறட்டை விட வேண்டியவர்கள் எல்லாம் இங்கே உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை பொதுத் தேர்தல்.

பப்பை நடத்தும் கிளெனிஸுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மூலையில் சாம்பல் நிறக் கோட்டில் உட்கார்ந்திருந்த பிரிட்சர்ட் மேலேயே அவள் கண் இருந்தது. கட்டடம் பீர் கம்பெனிக்குச் சொந்தம். "ஈ ஓட்டுறதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய இடம்? தேர்தல் முடிஞ்சதும் மூடிட்டு ஃபிளாட் கட்டப் போறோம்" என்று போன மாதம் வந்து சொன்ன கம்பெனிக்காரர் அவர்தான். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். பப் போனால் மாடியில் இருக்கும் அவளுடைய வீடும் போகும்.

போன மாதம் அவர் பார்த்தது இரண்டே வாடிக்கையாளர்களை. ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் சிரில், ஓய்வுபெற்ற கசாப்புக்கடைக்காரர் டெரிக். ஒரே மேசை, ஆளுக்கொரு கோப்பை, பேச ஒன்றுமில்லை. அவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போன மறுநாளே இருவரும் ஆளுக்கொரு பூவோடு வந்து ஆளுக்கொரு மேசையைப் பிடித்துக்கொண்டார்கள். யாருக்கு ஓட்டு என்பதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத ஊர் அது. அங்கே பூக் குத்திக்கொண்டு சண்டை போட்டால் வேடிக்கை பார்க்க வராமல் இருப்பார்களா?

"டிவி விவாதத்துல அந்தம்மாவைப் பாத்தீங்கல்ல?" சிரில் எழுந்து நின்றார். "எத்தனை வீடு கட்டுவீங்கன்னு கேட்டா தண்ணி குடிக்குது. வரி ஏறுமான்னு கேட்டா மறுபடியும் தண்ணி. அது ஆட்சிக்கு வந்தா நாட்டுல குழாயே வத்திப்போயிடும்! போன தேர்தல்ல சந்தைத் திடலுக்குப் பேச வந்துச்சு. மதியம் பூரா மழையில நின்னேன். வந்துச்சு, கையாட்டுச்சு, கார்ல ஏறிடுச்சு!"

"சிவப்பம்மா கூட்டத்துக்கு நீ எதுக்குய்யா போனே?" என்றது ஒரு குரல்.

"திட்டத்தான்!"

"உங்காளு மட்டும் என்ன ஒழுங்கா?" டெரிக் பாய்ந்தார். "கையால எடுத்துத் திங்கிற வறுத்த மீனையும் சிப்ஸையும் கடற்கரையில உக்காந்து கத்தி, முள்கரண்டி வச்சுச் சாப்பிட்ட மகராசன்! எங்க ஊர் பஸ்ஸை ஏன்யா நிறுத்தினேன்னு கேட்டா, நடந்தா உடம்புக்கு நல்லதுங்கிறாரு. அந்தக் கையைக் குலுக்கிப் பாத்திருக்கீங்களா? பாத்திரம் துடைச்ச ஈரத்துணி தோத்துடும்!"

கிளெனிஸ் மணியை அடித்தாள். மணி அடித்தால் எல்லோரும் அவரவர் பக்கத்துக்குக் கைதூக்க வேண்டும். தோற்ற பக்கம் ஜெயித்த பக்கத்துக்கு ஒரு சுற்று பீர் வாங்கித் தர வேண்டும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் சிரில். ஆமோதித்தவர் டெரிக். இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"கோட்டுக்காரரே, நீங்க கை தூக்கலையே? எந்தப் பக்கம்?" என்றார் டெரிக்.

பிரிட்சர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான்... வந்து... ஆரஞ்சுக் கட்சி."

உடனே நீலமும் சிவப்பும் ஒரே குரலில் ஊளையிட்டன.

"அப்போ ரெண்டு பக்கத்துக்கும் அய்யாவோட சுற்று!"

கிளெனிஸ் தலையில் கைவைத்தாள். போச்சு, வீடு போச்சு! ஆனால் பிரிட்சர்ட் முணுமுணுத்தபடியே பணத்தை எடுத்து வைத்தார். வைத்தவர் சும்மா இருக்கவில்லை. "எங்க தலைவரைப் பத்தி உங்களுக்கெல்லாம் என்ன தெரியும்?" என்று ஆரம்பித்து, டையைத் தளர்த்தி, கடைசியில் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

கிளம்பும்போது அவர் குரல் கட்டியிருந்தது. "தேர்தல் முடிஞ்சா இந்தக் கூட்டம் இருக்குமாம்மா?"

"ஜெயிச்சவரைத் திட்ட வேணாமா?" என்றார் டெரிக்.

பிரிட்சர்ட் யோசித்தார். "சரி, மூடுற பேச்சைத் தள்ளி வைக்கிறேன். நானும் இன்னும் பேசி முடிக்கலை."

கூட்டம் கலைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கிளெனிஸ் இரண்டு கோப்பைகளைப் பழைய மேசையில் கொண்டுவந்து வைத்தாள். "இனிமேலாவது ஒண்ணா உக்காருங்க கண்ணுங்களா. என் கடை பிழைச்சதுக்காக உங்க சிநேகம் கெட வேணாம்."

இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். சிரில் நீலப் பூவைக் கழற்றி டெரிக்கின் கையில் வைத்தார். "இந்தா, உன் பூ. கொஞ்சம் பீர் பட்டுடுச்சு, மனசுல வச்சுக்காதே."

டெரிக் சிவப்புப் பூவை ஊதித் துடைத்து நீட்டினார். "உன்னுது சுத்தமா இருக்கு. உங்க தலைவிதான் தண்ணியைத் தவிர வேற எதையும் தொடாதுல்ல."

கிளெனிஸ் இரண்டு பூக்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடப்பாவிங்களா! இத்தனை நாளா ரெண்டு பேரும் மாத்தியா குத்திக்கிட்டிருந்தீங்க?"

"பின்னே?" சிரில் சிவப்புப் பூவை உள்பாக்கெட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டார். "அந்தம்மாவை இவனால அப்படித் திட்ட முடியுமா? அதுக்கு முப்பது வருஷமா சிவப்புக்கே ஓட்டுப் போட்டிருக்கணும்மா!"