ஃபைட்டருக்கு ஒரு வீடு

"தம்பி, இது மட்டும் செத்துட்டா என் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்!"

மாணிக்கவேல் நீட்டிய பாட்டிலுக்குள் வெளிர் நீலமாய் ஒரு ஃபைட்டர் மீன் சுருண்டு கிடந்தது. மீனுக்காகக் கண் கலங்கும் பட்டு நெசவாளியை மீன் கடை கோபிநாத் இப்போதுதான் பார்க்கிறான்.

"பாட்டில்ல குலுங்கிகினு இருந்தா எப்படிண்ணே பொழைக்கும்? பெரிய தொட்டி வைங்க. தண்ணில காஞ்ச பாதாம் இலை போடுங்க, மீனுக்கு அது மருந்து மாதிரி. எகிறி வெளிய விழும், மேல மூடி வேணும். தறிகிட்ட வைக்காதீங்க, அதிர்வு ஆவாது."

எல்லாம் செய்தார். மீன் இரை எடுக்காத அன்று அவரும் மனைவி லீலாவும் சாப்பிடவில்லை.

சில வாரம் கழித்துப் பார்க்க வந்த கோபிநாத் துள்ளினான்.

"அடேயப்பா! இதாண்ணே இதோட நெஜக் கலரு. பயந்துகினு வெளுத்துப் போயிருந்துச்சு. வீடு நல்லா அமைஞ்சதும் மயில்கழுத்தா மின்னுது பாருங்க!"

லீலா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மாணிக்கவேல் தறியைக் காட்டினார். வெளிர் நீலத்தில் ஒரு முகூர்த்தப் புடவை முடியும் நிலையில் இருந்தது.

"கல்யாணப் பொண்ணு வளர்க்கிற மீனு தம்பி. அதே கலர்ல புடவை வேணுமாம். போட்டோல கலர் மாறிடும்னு மீனையே சாம்பிளா குடுத்துட்டுப் போச்சு. வந்த அன்னிக்கு இருந்த கலர்ல சாயம் போட்டுட்டேன்."

வாசலில் கார் வந்து நின்றது.

"அண்ணே, என் மீனு எங்க? புடவை பக்கத்துல வச்சுப் பாக்கணும்!" என்றது பெண் குரல்.

மாணிக்கவேல் பதறினார்.

"லீலா, அந்தப் பழைய பாட்டில் எங்க? ஜல்தி எடு!"