திரைக்குக் கீழே இரண்டு கால்கள்

“கால் எங்கங்க?” என்றாள் ஆதிலட்சுமி.

பெரிதாக்கக் கொடுத்திருந்த பழைய போட்டோவில், ஒரு வயது ஆதிலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டு காலும் இருக்கேம்மா, கொலுசோட,” என்றார் கண்ணாயிரம்.

தேரடி வீதியில் இருபது வருடமாக ஸ்டுடியோ வைத்திருப்பவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் கால்கள் மலை சுற்றப் போகும்; ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. பாஸ்போர்ட் சைஸில் மனிதன் மார்போடு முடிந்துவிடுகிறான்.

“என் கால் இல்லிங்க. பக்கத்துல திரைக்குக் கீழ ரெண்டு கால் தெரிஞ்சுதே?”

“அதுவா? அடி ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருந்துச்சு, வெட்டிட்டேன். யாரோ அறிவில்லாம ஒளிஞ்சிட்டு நின்னாங்க, அவங்களும் போய்ட்டாங்க. இப்ப எவ்ளோ சுத்தமா கீது பாரு.”

“அது எங்கம்மா.”

குழந்தை ஸ்டூலிலிருந்து விழுந்தால் பிடிப்பதற்காக, பக்கத்தில் ஒரு திரை கட்டி அதன் பின்னால் தாயை நிறுத்துவது அந்தக் காலத்து வழக்கம்.

ஆதிலட்சுமிக்கு ஒன்றரை வயதில் அம்மா செத்துப்போனாள். திதிக்கு மாலை போட வேறு படம் கிடையாது. அம்மா என்று வீட்டில் அவளுக்குக் காட்டியதெல்லாம் அந்தக் கால்களைத்தான்.

கண்ணாயிரம் குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்தார்.

ஊரில் பாதிப் பேருடைய தோள்பட்டைகள் கொட்டின. இருவரும் மண்டியிட்டுத் தேடினார்கள்.

“வேற யார் கூடயாவது சேத்து எரிச்சிட்டீங்களா?”

அவர் மேசைப் பக்கம் திரும்பினார். டீ கிளாஸின் அடியில் ஒட்டியிருந்த ஒரு துண்டை நகத்தால் மெல்லப் பெயர்த்தார்.

மேசைக் கண்ணாடிமேல் போட்டோவை வைத்து, துண்டை அதன் கீழே பொருத்தி, லென்ஸைப் பிடித்தார்.

மெட்டி தெரிந்தது. குதிகால் வெடிப்புகூடத் தெரிந்தது.

ஆனால் குதிகால்கள் தரையில் இல்லை. அவள் நுனிவிரல்களில் நின்றிருந்தாள்.

நாலு நாளாகக் கையில் வைத்திருந்த படத்தை, கண்ணாயிரம் அப்போதுதான் கீழிருந்து மேலாகப் பார்த்தார். திரை படத்துக்கு வெளியேயும் உயர்ந்து போயிருந்தது. குழந்தை கேமராவைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, திரைக்கு மேலே அண்ணாந்து பார்த்து, இரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

லென்ஸை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

“உங்கம்மா மூஞ்சி இருக்குதும்மா.”

“எங்க?”

போட்டோவின் மேல் ஓரத்தைத் தாண்டி, வெறும் கண்ணாடியில் விரலை வைத்தார்.