மாமனாரின் பாராயணம்

"தினமும் வேதம் படிக்கிறீங்களே மாமா, அதுவும் ஒரு கையேடுதான். யாக மேடைக்கு எத்தனை செங்கல், எதை முதல்ல செய்யணும், எதை அப்புறம் செய்யணும்னு வரிசையாச் சொல்லுது. எங்க ஆபீஸ்ல நான் எழுதறதும் அதேதானே?"

மருமகள் விளையாட்டாகத்தான் சொன்னாள். மெஷின்களுக்குக் கையேடு எழுதுவது அவள் வேலை.

மாமனார் முகம் கடுகடுவென்று ஆனது. "அது சாமி வாக்கும்மா. மிக்ஸிக்கு எழுதறதும் அதுவும் ஒண்ணா?"

அன்றைக்குப் போட்ட வாய்ப்பூட்டை அவளிடம் அவர் திறக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்தா மாமியாருக்கு நுரையீரல் மக்கர் பண்ண வேண்டும்? வீட்டுக்கே ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. அதன் கையேடும் மருமகள் எழுதியதுதான்.

"மாமா, திங்கக்கிழமையோட என் லீவு முடியுது. உங்க பிள்ளையும் வெளியூர்ல. கரன்ட் போனா மெஷின் நின்னுடும், உடனே சிலிண்டருக்கு மாத்தணும். இதைக் கொஞ்சம் படிச்சு வெச்சுக்கங்க."

வாங்கிக்கொண்டார். கக்கத்தில் இடுக்கியபடி தன் அறைக்குள் போய்விட்டார்.

விடிந்தால் குளியல். பிறகு தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுவென்று பாராயணம். மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி மூச்சுக்குத் தவிக்கிறாள், மனுஷனின் வீம்பைப் பார்!

"சாமியா வந்து சிலிண்டரைத் திறக்கும்?" என்று கணவனிடம் போனில் பொருமினாள். "நான் வேலையை விட்டுடறேன். வேற வழி?"

ஆசை ஆசையாகச் சேர்ந்த வேலை.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, பொசுக்கென்று கரன்ட் போனது. கீழே மெஷின் வீறிட்டது. போட்டது போட்டபடி ஓடினாள்.

மாமியாரின் கட்டிலருகே மாமனார் நின்றிருந்தார். வாய் அதே பாராயண ராகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"முதலில் சிலிண்டரின் வால்வை மெதுவாகத் திறக்கவும்... அடுத்து, மருத்துவர் சொன்ன அளவுக்குக் குமிழைத் திருப்பவும்... பிறகு, மெஷினிலிருந்து குழாயைக் கழற்றிச் சிலிண்டரில் மாட்டவும்..."

ஒரு சொல் பிசகவில்லை. அத்தனையும் அவள் எழுதிய வாக்கியங்கள். வாய் சொல்லச் சொல்லக் கை செய்தது. மாமியாரின் மூச்சு சீரானது.

மருமகள் பொத்தென்று கட்டிலோரம் உட்கார்ந்தாள். "இதையா மாமா தினமும்...?"

"ஆபத்து நேரத்துல கண்ணாடியைத் தேடிப் புத்தகத்தைப் பிரிச்சுக்கிட்டா இருக்க முடியும்? மனப்பாடம் பண்ண எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி இதுதான்."

மனைவியின் போர்வையைச் சரிசெய்தபடியே சொன்னார்:

"அன்னிக்குக் கோபம் வந்துடுச்சு. ஆனா நீ சொன்னது சரிதாம்மா, ரெண்டும் ஒண்ணுதான். அதான் குளிக்காம உன் புத்தகத்தைத் தொடறதே இல்ல."