பலாவுக்கு நாற்பது டிகிரி

மேக்னா கண்ணாடித் தொட்டிக்குள் கைவிட்டு பலாவைத் தூக்கினாள். அது கண்ணைத் திறக்கவில்லை.

பலா ஓர் ஓணான். ஆஸ்திரேலியா பக்கத்துத் தாடி ஓணான். உடம்பெல்லாம் முள்ளு முள்ளாக இருந்ததால் எட்டு வயது மேக்னா அதற்கு அப்படிப் பெயர் வைத்தாள். பிறந்தநாளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்துவிட்டு மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். பலா வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அவளுக்கு அது உயிராகிவிட்டது. வேறு யார் கையும் அதன்மேல் பட விடமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குச் சித்தி வீட்டுக்குப் போனவள், சனிக்கிழமையான இன்றுதான் முட்டுக்காட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் ஓடிவந்தாள்.

அறை ஜில்லென்று இருந்தது. ஏசி இருபதில் ஓடிக்கொண்டிருந்தது. பலா வெயில் காயும் கல்லுக்கு மேலே விளக்கு அணைந்திருந்தது.

"லைட்டை யாரு அணைச்சது?"

வீட்டு வேலை செய்யும் சந்திரம்மா கதவருகே நின்றிருந்தாள். நல்ல காரியம் செய்தவளின் முகத்தோடு சொன்னாள்.

"நாந்தான் பாப்பா. கத்திரி வெயிலு கொளுத்துது, அதுக்கு மேல அந்த லைட்டு வேற. வாயத் தொறந்துகினே கெடந்துச்சி, மனசு கேக்கல. திங்கக்கெழமையே அத்த அணைச்சிட்டு ஏசி போட்டு வுட்டேன். நேத்துலேருந்து சொகமா தூங்கிகினு கீது."

கோவளத்தில் தகரக் கூரைக்குக் கீழே குடியிருப்பவள் அவள். வெயில் போதவில்லை என்று ஏங்கும் ஓர் உயிர் உலகத்தில் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஏழு வருடமாக இந்த வீட்டில் வேலை செய்கிறாள். தனக்கென்று ஒரு நாளும் ஏசி போட்டுக்கொண்டதில்லை. பலாவுக்குப் போட்டாள்.

ஆனால் அந்தக் கல்லின் மேல் நாற்பது டிகிரி இருக்க வேண்டும். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை. அந்தச் சூடு இருந்தால்தான் பலாவுக்குத் தின்றது செரிக்கும். இல்லாவிட்டால் வயிற்றுக்குள்ளேயே கிடந்து அழுகும். அது வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தால் தவிக்கிறது என்று அர்த்தமில்லை. சூடு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் மேக்னா வாய்ப்பாட்டைவிட நன்றாக ஒப்பிப்பாள். அவள் கிளம்பிய அன்று சந்திரம்மா செய்யூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அதனால் அம்மாவிடம் மூன்று தடவை ஒப்பித்து, சந்திரம்மா வந்ததும் சொல்லிவிடச் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

அம்மா விஷாகா சரி என்றாள். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அச்சடித்துத் தொட்டியின் மேல் ஒட்டினாள். சந்திரம்மாவிடம் வாயால் சொன்னது தீனியைப் பற்றி மட்டும்தான்.

மார்ச் மாதம் மேக்னாவுக்குக் காய்ச்சல் வந்தபோது, மருந்தும் கையுமாகக் கட்டிலருகே நின்றவள் விஷாகா. குழந்தை கண்ணைத் திறக்காமலே சந்திரம்மாவைக் கூப்பிடு என்று அழுதது. அன்றைக்குப் பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. பெற்றவள் ஒருத்தி இங்கே குத்துக்கல்லாட்டம் நிற்கிறேனே என்று மனதுக்குள் பொருமினாள். சந்திரம்மாவை வேலையை விட்டு நிறுத்துவது பெரிய விஷயமில்லை. நிறுத்தினால் பிள்ளை அவளைத் தேடி அழும், அம்மாவின் முகத்தில் விழிக்காது. அந்தக் கணக்கையும் விஷாகா போட்டுப் பார்த்திருந்தாள்.

மேக்னா பலாவை மல்லாத்தினாள். வயிறு கறுத்து உப்பியிருந்தது.

அப்போதுதான் சந்திரம்மாவுக்கு விளங்கியது. முகம் செத்துப்போய், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குழந்தையிடம் வந்தாள்.

"தொடாத. நீதான் கொன்ன. இனிமே எங்க வீட்டுக்கு வராத."

ஏழு வருடம் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. சந்திரம்மா, மகளின் பின்னாலேயே அறைக்குள் வந்திருந்த விஷாகாவைத் திரும்பிப் பார்த்தாள். விளக்கைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று கேட்க வாயெடுத்தாள்.

விஷாகா முந்திக்கொண்டாள். தொட்டியில் ஒட்டியிருந்த காகிதத்தை விரலால் காட்டினாள்.

கடைக்காரன் ஒட்டிக் கொடுத்தது என்று நினைத்து, சந்திரம்மா அந்தக் காகிதத்தை ஆறு நாளும் தூசி படாமல் துடைத்து வைத்திருந்தாள்.

புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் மாடிப்படி இறங்கிப் போனாள். மேக்னா கூப்பிடவில்லை. ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, சேலையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

விஷாகா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். இந்தப் பிள்ளை தன்னிடம் இப்படி ஓடிவந்து எத்தனை காலமாயிற்று. சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தது.

தொட்டிக்குள் இருக்கும் வெப்பமானி விஷாகாவின் கைபேசியோடு இணைந்தது. பகலில் சூடு முப்பதுக்குக் கீழே இறங்கினால் உடனே செய்தி வந்துவிடும். மேக்னா ஊருக்குப் போன மறுநாள், திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கே வந்திருந்தது. சிறுசேரி அலுவலகத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவள், அதை இரண்டு தடவை படித்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள்.

"பலா நல்லா சாப்பிடுதா சந்திரம்மா? பாவம், இன்னும் நாலு புழு சேர்த்தே போடுங்க" என்றாள்.